வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

கடப்பாரையின் முனையைப் பூட்டு வளையத்துக்குள் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்பினாள் சுடர்விழி. பூட்டு அசையவில்லை. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து முனகல் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது.

"தள்ளுங்க மேடம், உங்களுக்கு இது ஆகாது," என்று கடப்பாரையை வாங்கினார் பஸ் டிரைவர் யூனுஸ். ஒரே நெம்பு. தாழ்ப்பாளே கதவிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது.

உள்ளே அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு பெண் சுருண்டு கிடந்தாள். முழங்காலுக்குக் கீழே புடவை தோலோடு ஒட்டியிருந்தது. வெந்த இடத்தில் யாரோ மஞ்சள்தூளை அள்ளி அப்பியிருந்தார்கள். பெயர் கண்ணாத்தாள். காலையில் கஞ்சி வடிக்கும்போது அண்டா சாய்ந்துவிட்டது என்று ஹாஸ்டல் சமையல்கட்டுப் பெண்கள் தலை நிமிராமல் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் ஏன் பூட்டினீர்கள் என்று கேட்டாள் சுடர்விழி. ஒருத்தி மட்டும், "சாவி கான்ட்ராக்டர்கிட்ட இருக்கு மேடம். ராத்திரியானா எங்களுக்கும் இதே ரூம்தான்," என்றாள்.

சுடர்விழி அந்த ஹாஸ்டலை நடத்தும் பள்ளிக் குழுமத்தின் நிர்வாக மேலாளர். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வரை ஐந்து பள்ளிக்கூடங்கள். பெஞ்சு வாங்குவதிலிருந்து பெருக்குகிற ஆள் வரைக்கும் அவள் கையெழுத்து இல்லாமல் நடக்காது. இந்தக் கதவையும் தினமும்தான் கடந்து போனாள். ஸ்டோர் ரூம் என்று நினைத்திருந்தாள். ஸ்டோர் ரூம் ஜன்னலில் ஏன் புடவை காய்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று காலை பிரேயரில் கொத்தடிமை ஒழிப்பு உறுதிமொழி எடுத்திருந்தார்கள். மைக்கைப் பிடித்து வரிவரியாகச் சொல்லிக் கொடுத்தவள் சுடர்விழிதான்.

ஸ்கூல் பஸ்ஸின் பின்சீட்டில் கண்ணாத்தாளைப் படுக்க வைத்துக்கொண்டு கிளம்பினார்கள். சம்பா அறுவடை நேரம். பாதி ரோட்டை அடைத்து நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் யூனுஸ் ஒதுங்கித்தான் போவார். அன்று நெல் மேலேயே ஏற்றி ஓட்டினார். காவலுக்கு நின்றவர்களின் ஏச்சு பஸ்ஸோடு கொஞ்ச தூரம் ஓடி வந்தது.

போன் அடித்தது. தாளாளர் ஹரிஹரசுப்ரமணியன். குரலை உயர்த்திப் பேசுகிற மனிதர் இல்லை அவர். அந்தப் பெண்கள் நம்முடைய ஸ்டாஃப் இல்லை, கான்ட்ராக்டரின் ஆட்கள். வைத்தியச் செலவைப் பள்ளிக்கூடமே பார்த்துக்கொள்ளும். அட்மிஷன் தொடங்கப் போகிற நேரத்தில் ஊரைக் கூட்ட வேண்டாம் என்று, காய்ச்சல்காரருக்குப் பத்தியம் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்.

"பூட்டு அவரோடதா இருக்கலாம் சார். கதவு நம்மளோடது," என்றாள் சுடர்விழி.

 அவள் போனை வைத்துவிட்டுக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அடித்தாள்.

பெரியாஸ்பத்திரியில் இவர்களுக்கு முன்னாலேயே வந்து நின்றான் கான்ட்ராக்டர் கோவிந்தராசு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் கலையாத விபூதி.

"என்ன மேடம், நமக்குள்ள பேசி முடிக்கிற விஷயம். எல்லாம் அட்வான்ஸ் வாங்கினதுங்க. பூட்டலேன்னா ஒருநாள் காலையில உங்க ஹாஸ்டல் புள்ளைங்களுக்கு இட்லி இருக்காது. மாட்டக்கூட கட்டித்தான போடுறோம்?"

"மாட்டுக்குக் கால் வெந்திருந்தா டாக்டரக் கூப்பிட்டிருப்பீங்க," என்றாள்.

அவன் சிரிப்பு மாறவில்லை. வராந்தா பெஞ்சில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டான். கண்ணாத்தாள் என்ன சொல்வாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

கோட்டாட்சியர் கமருன்னிஸா வரும் வழியிலேயே சமையல்கட்டுக்குப் போய் மற்றப் பெண்களைப் பார்த்துவிட்டு வந்தார். கண்ணாத்தா சொன்னால் நாங்களும் சொல்கிறோம் என்பதைத் தவிர அவர்களிடமிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை. கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சட்டத்தைக் கண்ணாத்தாளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். நடந்ததைச் சொன்னால் இன்றைக்கே விடுதலைச் சான்றிதழ். வாங்கிய அட்வான்ஸ் அதோடு செத்துப்போகும். ஒருத்தனும் திருப்பிக் கேட்க முடியாது. சொல்லாவிட்டால், கட்டுப் போட்டதும் கோவிந்தராசுவோடு போக வேண்டியதுதான்.

"உங்களப் பூட்டி வச்சாங்களா?"

"இல்லீங்க. காத்துல கதவு சாத்திக்கும்."

"பூட்டும் காத்துலதான் மாட்டிக்கிச்சா?"

 இந்த வேலைக்கு உங்களை யார் அனுப்பியது என்று கேட்டதும் கண்ணாத்தாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கமருன்னிஸா பெருமூச்சோடு எழுந்தார். "வெளியில நிக்கிறேன். நீங்க பேசிப் பாருங்க," என்று சுடர்விழியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சுடர்விழிக்குப் பொறுக்கவில்லை. "யாருக்குப் பயப்படுறீங்க? அவன்கிட்ட உங்களக் கொண்டு போய்த் தள்ளுனது யாரு? யாரா இருந்தாலும் சரி, நான் சும்மா விடமாட்டேன்."

கண்ணாத்தாள் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, "பாப்பாவ ஸ்கூல விட்டு எடுத்துருவாங்களாம்மா?" என்றாள்.

"எந்தப் பாப்பா?"

"தமிழ்நிலா. நம்ம ஸ்கூல்லதான் ஆறாவது படிக்குது. எந்தங்கச்சி வீட்டுலேருந்து வந்து போகுது. ஆத்தா திருப்பூர்ல கம்பெனிக்குப் போயிருக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு."

சமையல்கட்டு ஜன்னலில் நின்றால் பிரேயர் மைதானம் தெரியும். மகளைப் பார்க்கிறதெல்லாம் அந்தக் கம்பி வழியாகத்தான். "காலையில நீங்க மைக்குல சொல்லச் சொல்ல, அதுவும் கைய நீட்டிச் சொல்லுச்சு. நானும் உள்ளேருந்து கூடவே சொன்னேன். அத பாத்துக்கிட்டே அண்டாவ கவனிக்காம விட்டுட்டேன்."

 பாப்பாவை எடுக்கமாட்டார்கள் என்று சொல்ல நினைத்தாள் சுடர்விழி. தாளாளரின் குரல் நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

"அட்வான்ஸ் எதுக்கு வாங்குனீங்க?"

"பாப்பா ஃபீஸுக்குத்தான்."

கோவிந்தராசு கொடுத்த பணம் அன்றைக்கே பள்ளிக்கூடக் கவுன்ட்டருக்கு வந்துவிட்டது. அதைக் கழிக்க அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் அவள் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வட்டி என்றும் சாப்பாட்டுப் பிடித்தம் என்றும் சொல்லிச் சொல்லிக் கோவிந்தராசு அதைக் கழியவே விடவில்லை.

"அட்மிஷன் அன்னிக்கு ஃபீஸ் கட்ட வழியில்லாம ஆபீஸ் வாசல்ல அழுதுக்கிட்டு நின்னேன். ஒருத்தவங்க வந்து, தண்ணி குடுத்து, நம்ம கேன்டீன் கான்ட்ராக்டரப் பாருங்க, அட்வான்ஸ் தருவாரு, வேலைக்கு வேலையும் ஆச்சு, புள்ள படிப்பும் ஆச்சுன்னு சொல்லி நம்பர் எழுதிக் குடுத்தாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. அவங்களப் போயி எப்புடி மாட்டி விடுறது?"

"பேரு?"

கண்ணாத்தாள் தயங்கினாள். பிறகு சுடர்விழியின் காதருகே சொன்னாள்.

சுடர்விழி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.  வராந்தாவில் கோவிந்தராசு யாரிடமோ போனில் சிரித்துப் பேசுவது கேட்டது.

"அந்தப் பேர நான் சொல்லிக்கிறேன்," என்றாள் கடைசியில். "பூட்டுனத மட்டும் நீங்க சொல்லுங்க."

கமருன்னிஸா உள்ளே வந்தார். கண்ணாத்தாள் இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை.

"பூட்டுவாங்கம்மா. தெனமும் ராத்திரி. வெளிப்பக்கமா."

கோட்டாட்சியர் எழுதிக்கொண்டார். வராந்தாவில் சிரிப்பு நின்றுவிட்டது.

"மேடம், இன்னொண்ணையும் சேத்து எழுதிக்குங்க," என்றாள் சுடர்விழி.  "நாம திங்கிற சோத்த யாரு வடிக்கிறா, அவங்க நெனச்சா வீட்டுக்குப் போக முடியுமான்னு ஒரு வார்த்தை கேக்காத வரைக்கும், எத்தன உறுதிமொழி எடுத்தாலும் அது மைக்குக்குத்தான். நல்லது செய்யறோம்னு நெனச்சுக்கிட்டே ஒருத்தர அடிமையா அனுப்பி வச்சுட்டு, அந்த மொகம்கூட ஞாபகமில்லாம இருக்க முடியுது. இவங்கள அந்த ஆள்கிட்ட அனுப்புனது யாருன்னு இப்பதான் எனக்குத் தெரிஞ்சுது."

"பேரச் சொல்லுங்க. அவங்களையும் விசாரிக்கணும்."

"சுடர்விழி," என்றாள். "நிர்வாக மேலாளர்."