ஆறு பத்துக்கு வந்த எருமை

ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்வது என் வேலை. ஆறு நடைமேடைகளுக்கும் ஒரே குரல். காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை அந்தக் குரல் நான். மாடியில் ஒரு கண்ணாடி அறை. அதில் ஒரு மேசை, வளைந்த கழுத்துள்ள மைக், பேசும்போது எரியும் சிவப்பு விளக்கு, கால அட்டவணை. இழுப்பறையில் எப்போதும் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் இருக்கும். பெரும்பாலும் பனி கொட்டும் தேசத்துக் கதை.

"வடக்கு நோக்கிச் செல்லும் வண்டி இருபது நிமிடம் தாமதமாக வரும்" என்று சொல்லும்போது, அந்த வண்டி எங்கோ பனியில் சிக்கி நிற்பதாகவும், கோட்டுக் காலரை உயர்த்திவிட்ட ஒருவர் ஜன்னல் வழியாக வெள்ளைச் சமவெளியைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் நினைத்துக்கொள்வேன். உண்மையில் சிக்னல் கோளாறாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த நினைப்பில் குரல் தானாகக் குழைந்துவிடும். "இதனால் பயணிகளுக்கு ஏற்படும் சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்." நான் சொன்னால் முக்கால் மணி நேரத் தாமதத்துக்குக்கூட யாருக்கும் கோபம் வருவதில்லை என்று நடைமேடைத் தேநீர்க் கடைக்காரர் ஒருமுறை சொன்னார்.

அதே குரலுக்கு இன்னொரு முகம் உண்டு என்பது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

அக்காவும் நானும் ஒரே அறையில் இரண்டு கட்டில் போட்டுத் தூங்குகிறோம். அவள் முடி வெட்டும் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். பத்து மணிக்குப் போனால் போதும். நான் ஐந்தேகாலுக்கு எழ வேண்டும். போனில் இருக்கும் குருவிச் சத்தம், அலைச் சத்தம், மணிச் சத்தம் எல்லாம் என் தூக்கத்துக்குள் நுழைந்து கனவில் ஆளுக்கொரு வேடம் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஒரு வாரத்தில் மூன்று நாள் தாமதமாகப் போனேன். மூன்றாம் நாள் மாலை கண்ணாடி முன் நின்று, வாயில் வந்ததையெல்லாம் போனில் பதிவு செய்து, அதையே அலாரமாக வைத்தேன்.

"ஏய் எருமை! எழுந்திரு! ஊரே எழுந்து பல் தேச்சு முடிச்சாச்சு, நீ மட்டும் மரக்கட்டையாட்டம் கிடக்குற. நேத்தும் லேட்டு, முந்தாநேத்தும் லேட்டு. உன்னையெல்லாம் யாரு வேலைக்குச் சேர்த்தாங்க? ஒண்ணுக்கும் உதவாத தூங்குமூஞ்சி. எழுந்திருடி!"

பலித்தது. நான்கு மாதமாக ஒரு நாள்கூடத் தாமதமில்லை. ஆனால் கண் விழிக்கும்போதே நெஞ்சு படபடக்கும். பல் தேய்க்கும்போது கண்ணாடியில் தெரிவது போலீஸ் பிடித்துக்கொண்டு போகிற முகமாக இருக்கும். ரொட்டியைப் படிக்கட்டில் மென்றுகொண்டே இறங்குவேன். இரண்டு காலிலும் வேறு வேறு நிறத்தில் சாக்ஸ். எட்டு மணி வண்டி போன பிறகுதான் மூச்சு ஒழுங்காகும்.

"ஏன்டி, உன்னை எழுப்புறதுக்கு என்னையும் சேர்த்து ஏன் திட்டுற?" என்றாள் அக்கா. "நேத்து அரைத்தூக்கத்துல 'மன்னிச்சுக்கங்க, இதோ வந்துட்டேன்'னு சொல்லி எழுந்தே நின்னுட்டேன். அப்புறம் பார்த்தா மணி அஞ்சேகால்."

"திட்டினாத்தான்க்கா எனக்கு எழுந்திருக்க வருது."

"வேற யாராவது உன்னை இப்படிப் பேசியிருந்தா, கத்திரிக்கோலோட போயிருப்பேன். பேசுனது நீயாப் போயிட்ட. என்ன பண்றது?"

இப்படியே ஓடியிருக்கும். ஆனால் போன புதன்கிழமைக்கு முந்தின நாள், என் மேலேயே நம்பிக்கை வராமல், ஐந்து பத்துக்கும் இன்னொரு அலாரம் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். கை தவறி ஆறு பத்துக்கு வைத்துவிட்டேன்.

புதன்கிழமை ஆறு பத்து. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. போனை மைக்கின் கழுத்தில் சாய்த்து வைத்திருந்தேன். "பயணிகளின் கனிவான கவனத்துக்கு" என்று தொடங்கி மூச்சு வாங்கிய இடைவெளியில், ஆறு நடைமேடைகளிலும் ஒரே நேரத்தில் இடி விழுந்தது.

"ஏய் எருமை! எழுந்திரு!"

நிலையமே எழுந்து நின்றது. மிகைப்படுத்தவில்லை, கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பெஞ்சுகளில் இருந்தவர்கள் எழுந்தார்கள். தரையில் பையை வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி விறைத்து நின்றாள். தேநீர்க் கடைக்காரர் கெட்டிலை அப்படியே பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார், கோப்பை நிரம்பி வழிந்தது. அவசரமாக எட்டிப் பிடித்ததில் போன் கீழே விழுந்தது. மேசைக்கு அடியில் தேடி அணைப்பதற்குள் "எழுந்திருடி" வரை ஓடி முடிந்துவிட்டது.

பழக்க தோஷத்தில் என் வாய் தானாகச் சொன்னது: "இதனால் பயணிகளுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்."

ஏழு மணிக்கு நிலைய அதிகாரியிடமிருந்து அழைப்பு. மாற்று ஆளை மைக்கில் உட்கார வைத்துவிட்டுப் போனேன். அதிகாரி மெலிந்தவர், மேசை மேல் பேனாக்களை நீள வரிசைப்படி அடுக்கி வைத்திருப்பவர். அவருக்கு எதிரே, பயணத்துக்கான பிறை வடிவத் தலையணையைக் கழுத்தில் மாட்டிய ஒருவர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவரை எனக்குத் தெரியும். தினமும் மூன்றாம் நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்குவார். பெயர் தெரியாததால் தலையணைக்காரர் என்று வைத்திருந்தேன்.

அதிகாரி புகாரை வாசித்தார். "'நான் அமைதியாக உறங்கிக்கொண்டிருந்தபோது, ஒலிபெருக்கியில் என்னை எருமை என்று அழைத்தார்கள். நடைமேடையில் தூங்கியது நான் ஒருவன் மட்டுமே. எனவே மாடியிலிருந்து என்னைப் பார்த்துத்தான் அழைத்திருக்கிறார்கள். நான் எருமை அல்ல என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.' இதுக்கு என்னம்மா சொல்றீங்க?"

"நான் யாரையும் சொல்லலை சார். போன்ல அதுவா வந்துருச்சு."

"நேத்தும் லேட்டு, முந்தாநேத்தும் லேட்டுன்னு போனுக்கு எப்படித் தெரியும்?"

போனை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

"போடுங்க, கேப்போம்" என்றார்.

போட்டேன். மூன்று பேர் உட்காரும் அந்தச் சின்ன அறையில், பட்டப்பகலில், இரண்டு அந்நியர்களுக்கு நடுவே அதைக் கேட்பது இன்னொரு அனுபவம். தினமும் தூக்கத்தில் கேட்டதால் அதன் சொற்களை நான் சரியாகக் கேட்டதே இல்லை போலிருக்கிறது. 'உன்னையெல்லாம் யாரு வேலைக்குச் சேர்த்தாங்க' என்ற இடத்தில் அந்தக் குரலில் ஓர் இளக்காரம் இருந்தது. அந்த இளக்காரத்தோடு யாரோ ஒருத்தி நான்கு மாதமாக என் தலைமாட்டில் நின்றிருக்கிறாள். காது சூடானது.

அதிகாரி மூன்று முறை போடச் சொன்னார். மூன்றாவது முறை பேனாவை உயர்த்தினார். "கடைசி வார்த்தை என்ன?"

"எழுந்திருடி."

"டி." ஒரு தாளில் எழுதி அடிக்கோடு போட்டார். "டி-ன்னா பெண்பால். புகார் கொடுத்தவர் ஆண். ஆகவே எருமை இவர் இல்லை."

தலையணைக்காரர் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "நான் எருமை வரைக்கும்தாங்க கேட்டேன். அதுக்குள்ள பெஞ்சிலிருந்து விழுந்துட்டேன். அப்போ எருமை யாரு?"

"நான்தான் சார்" என்றேன். "காலையில எழுந்திருக்கிறதுக்காக, என்னை நானே."

வெளியே ஒரு சரக்கு வண்டி போய் முடித்தது.

"என் மேனேஜர்கூட என்னை இப்படிப் பேசினதில்லைங்க" என்றார் தலையணைக்காரர் மெதுவாக. "அவர் நல்லாவே திட்டுவார். புகாரைத் திரும்ப வாங்கிக்கிறேன் சார்."

"வாங்க முடியாது" என்றார் அதிகாரி. "பதிவேட்டுல நம்பர் போட்டாச்சு. பாதிக்கப்பட்டவர் மாறியிருக்காங்க, அவ்வளவுதான்." ஒரு படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். "மன்னிப்புக் கடிதம். கீழ ரெண்டு கையொப்பம். மன்னிப்புக் கேட்டவர் ஒண்ணு, ஏத்துக்கிட்டவர் ஒண்ணு. நடுவுல, மறுபடியும் நடக்காம இருக்க என்ன செய்யப்போறீங்கன்னு எழுதணும். நாளைக்குக் காலையில ஆறு மணிக்குள்ள என் மேசைக்கு வரணும். வரலைன்னா விதிப்படி நீங்க பார்சல் பிரிவு. இங்க பதிவு பண்ணின குரல் ஓடும்."

பார்சல் பிரிவு கீழ்த்தளத்தில் இருக்கிறது. அங்கே எடை இயந்திரம்கூடப் பேசாது. என் குரலை விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? சிரித்துக்கொண்டு வெளியே வரப் பார்த்தேன், முடியவில்லை.

மாலையில் சமையலறை மேசையில் படிவத்தை விரித்தேன். என்ன செய்யப்போகிறேன் என்ற இடத்தை முதலில் நிரப்பினேன். அக்கா உடையில் ஒட்டிய முடித் துணுக்குகளோடு வந்து தோளுக்கு மேலாக வாசித்தாள்.

"'நாலு மணிக்கு எழுந்திருத்தல். பச்சைத் தண்ணீரில் குளித்தல். ஐம்பது முறை குதித்தல். தவறினால் காலை உணவு இல்லை.' இது என்னடி, மன்னிப்பா, ஜெயிலா?"

"ஒழுங்கு வேணும்ல?"

"எருமையைத் திட்டினதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டு, அடுத்த வரியில அதைச் செக்குல கட்டுற." பேனாவைப் பிடுங்கி எல்லாவற்றையும் அடித்தாள். வாடிக்கையாளர்களின் முடியையும் இப்படித்தான் இரக்கமில்லாமல் வெட்டுவாள், ஆனால் எழுந்து போகும்போது அழகாக இருப்பார்கள். "வண்டி லேட்டானா 'மிகவும் வருந்துகிறோம்'னு தேனா ஊத்துற. நீ லேட்டானா மட்டும் எருமை. அந்த வண்டி உனக்கு என்ன, மாமன் பொண்ணா?"

சிரிப்பு வந்துவிட்டது. புதிய படிவம் இல்லாததால் ஓரத்தில் பொடியாக எழுதினோம். ஐந்து மணிக்கு எழுவது; அது கால் மணி நேரம் முன்னதாக, ஓடுவதற்கு அல்ல, ஓடாமல் இருப்பதற்கு. எழுந்ததும் ஐந்து நிமிடம் கட்டிலில் சும்மா உட்காருவது. தேநீரை உட்கார்ந்து குடிப்பது. சாக்ஸை முந்தின மாலையே ஜோடி சேர்த்து வைப்பது. தாமதமானால் தாமதம் என்று மட்டும் சொல்வது, வேறு பெயர் வைக்காமல் இருப்பது. 'அக்காவை எழுப்பாமல் இருத்தல்' என்று கடைசியாக அவளே எழுதிக்கொண்டாள்.

மன்னிப்புக் கடிதத்தில் 'நீங்கள்' போடுவதா, 'நீ' போடுவதா என்பதிலேயே அரை மணி நேரம் போனது. 'நீங்கள்' என்று எழுதினால் வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுதுவது போல் இருந்தது. 'நீ' என்றே வைத்தேன். மூன்று வரிதான். மன்னிப்புக் கேட்டவர் என்ற இடத்தில் கையொப்பம் போட்டேன். இரண்டாவது இடத்தில் பேனா நின்றுவிட்டது.

"அதையும் போட்டுட்டு எழுந்திரு, சாப்பிடலாம்."

"அது வேற ஆள் போடணும்க்கா."

"லூசு" என்று சொல்லிவிட்டு அக்கா தட்டு எடுத்து வைத்தாள்.

பழைய அலாரத்தை அழித்தேன். தாழ்ந்த குரலில் புதிதாகப் பதிவு செய்தேன்: "மணி அஞ்சு. நேரம் இருக்கு. மெதுவா எழுந்துக்கோ."

காலையில் அந்தக் குரல் கேட்பதற்கு முன்பே விழித்துவிட்டேன். உடம்பு திட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. வந்தது திட்டு இல்லை என்றதும் அதற்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. மறுபடியும் படுத்துவிட்டது. அவ்வளவுதான், பார்சல் பிரிவு, என்று நினைத்தேன். நாலு நிமிடம் கழித்து, யாரும் சொல்லாமல், எழுந்து உட்கார்ந்தது. எனக்கே ஆச்சரியம். ஜன்னலருகே கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிர்வீட்டு மாடியில் ஒருவர் போர்வையை உதறி மடித்தார். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக அல்ல, எல்லாமே ஒரே நொடியில் அணையும் என்பதை அன்றுதான் பார்த்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் வழக்கமான பஸ் போய்விட்டது. நாக்கு நுனியில் 'எரு' வரை வந்தது. "பஸ் போயிருச்சு" என்று மட்டும் சொன்னேன். அடுத்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

ஐந்து ஐம்பத்துநாலுக்கு அதிகாரியின் மேசையில் படிவம் இருந்தது. ஓரத்துப் பொடி எழுத்தை எல்லாம் விரல் வைத்து வாசித்தார். சாக்ஸ் இடத்தில் என் காலைப் பார்த்தார், ஒத்துப்போனது. பிறகு விரல் கீழே நின்றது.

"ஏத்துக்கிட்டவர் கையொப்பம் எங்கம்மா?"

"அவங்க இன்னும் யோசிக்கிறாங்க சார்."

கடிகாரத்தைப் பார்த்தார். "கேட்டுப் பாருங்க. இது இல்லாம என்னால முடிக்க முடியாது."

பேனாவை வாங்கிக்கொண்டு யோசித்தேன். யாரிடம் கேட்பது? நான்கு மாதமாக, காதில் அவ்வளவையும் வாங்கிக்கொண்டு, ஒரு நாள்கூட எதிர்த்துப் பேசாமல், ஒற்றை ஒற்றை சாக்ஸோடு, பாதி மென்ற ரொட்டியோடு, சரியாக ஆறு மணிக்கு மைக் முன்னால் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கனிவாகப் பேசியவள் ஒருத்தி இருந்தாள். அவளை எனக்குத் திடீரென்று ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவள் ஏற்றுக்கொள்வாளா என்று தெரியவில்லை. ஆனால் கேட்டதும் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

அதிகாரி இரண்டு கையொப்பங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "முதல்ல இருக்கிறது கிறுக்கலா இருக்கு. ரெண்டாவது நிதானமா இருக்கு. ஒரே ஆள் போட்டதா?"

"ஒரே ஆள்தான் சார். முதல்ல போட்டவங்க பயத்துல போட்டாங்க."

அவர் சிரித்தாரா என்று சொல்ல முடியாது. பேனாக்களில் ஒன்றை எடுத்து இடம் மாற்றி வைத்தார். 'முடிக்கப்பட்டது' என்று முத்திரை குத்தினார்.

"அஞ்சு அம்பத்தெட்டு. ஓடுங்க, ஓடுங்க."

"சரி சார்" என்றேன். மாடிக்கு இருபத்திரண்டு படிகள். ஒவ்வொன்றாக நடந்தே ஏறினேன்.