இருபத்தைந்து மில்லிமீட்டர் தண்ணீர்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலில் என் பொறாமை. திருத்தங்கல் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண், காலண்டர் பிரஸ்ஸில் வேலை பார்ப்பவள், பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: “அந்த அண்ணன் ஃபேன் வச்ச பொறவு கண்ணெரிச்சலே இல்லக்கா.” இத்தனை வருடம் எழுதுகிறேன். என் கதையைப் படித்துக் கண்ணெரிச்சல் நின்றதாக எந்தப் பஸ்ஸிலும் யாரும் சொன்னதில்லை. அந்த அண்ணன் யாரென்றே தெரியாமல் எனக்கு வயிறு எரிந்தது.

என்னைவிட அதிகமாக வயிறு எரியும் ஒருவன் இருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று தோன்றியது. அதனால் அன்பரசனை உண்டாக்கினேன்.

2

தொடக்கம் ஒன்று: ‘2003, ஆடி பதினெட்டு முடிந்து காலண்டர் ஆர்டர்கள் குவியத் தொடங்கிய’— வேண்டாம், செய்தித்தாள் வாடை.

தொடக்கம் இரண்டு: அன்பரசனுக்கு ஜெயச்சந்திரனைப் பிடிக்காது.

இது போதும். இருவரும் ஒரே பாலிடெக்னிக். பிரஸ்களுக்குக் காற்றுக் குழாயும் ஃபேனும் மாட்டிக் கொடுக்கும் ஒரே கம்பெனி. அன்பரசன் அங்கே பழம் தின்று கொட்டை போட்டவன். ஜெயச்சந்திரன் கோயம்புத்தூரில் இருந்துவிட்டுப் போன வருடம்தான் வந்தான். வந்ததும் வராததுமாகப் பிரஸ் முதலாளி காசிராஜன் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறார். அன்பரசன் மொபெட்டில் பின்னால் போகிறான், கார் கிளப்பிய புழுதியைத் தின்றபடி.

3

காசிராஜன் பிரஸ்ஸில் காலண்டர் தாளுக்குப் பளபளப்பு ஏற்றும் வார்னிஷ் அறை உண்டு. அங்கே வேலை பார்ப்பவர்களில் ஒருத்தி பாண்டிச்செல்வி, அன்பரசனின் மனைவி. தினமும் கண் சிவந்துதான் வீடு திரும்புவாள். அந்த அறைக்குத்தான் புது ஃபேன் வரப்போகிறது.

சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “ஜெயச்சந்திரன் அண்ணன் இன்னைக்கு வந்தாக. தல வலிக்கா, கண்ணு எரியுதான்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டாக.”

“அவன் வேல அது.”

“உங்க வேலயும் அதுதான. நீங்க என்னைக்காச்சும் கேட்டிருக்கீகளா?”

அவன் தட்டிலேயே கையைக் கழுவினான்.

(முதல் வரைவில் இங்கே ஜெயச்சந்திரனுக்கும் பாண்டிச்செல்விக்கும் நடுவே ஒரு பார்வை வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். அப்படி ஏதாவது இருந்தால் அன்பரசனுக்குச் சண்டை போட ஒரு நியாயம் கிடைத்துவிடும். அந்த வசதியை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.)

4

இனி கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள்.

குழாய் வழியே காற்றை இழுக்க எவ்வளவு அழுத்தம் தேவை என்று பார்க்க, சோதனை ஃபேன் ஒன்றை ஓட்டி, வளைந்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றி அளப்பார்கள். மட்டம் தெரிவதற்காகச் சரவெடியின் சிவப்புத் தாளை ஊறப்போட்ட தண்ணீரை ஊற்றுவது இவர்கள் வழக்கம். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இருபத்தைந்து மில்லிமீட்டர் வந்தது. ஆனால் ஃபேன் செய்கிறவர்களுக்குப் பாஸ்கலில் சொல்ல வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்பது கிட்டத்தட்ட பத்து பாஸ்கல். ஆக, இருநூற்றைம்பது.

ஜெயச்சந்திரன் ஆர்டரில் எழுதியது இருபத்தைந்து பாஸ்கல். கோயம்புத்தூரில் அவன் பிடித்த மீட்டர் நேராகப் பாஸ்கலையே காட்டும். பார்த்த எண்ணை அப்படியே எழுதுவது அவன் கைப்பழக்கம். அந்த எண்ணுக்கு வரும் ஃபேன் வார்னிஷ் நெடியை வெளியே தள்ளாது, அறைக்குள்ளேயே கலக்கிவிடும்.

5

ஆர்டரை ஃபேக்ஸ் அனுப்பும் வேலை அன்பரசனுக்கு. தண்ணீர் மட்டம் அளந்தபோது கூடவே நின்றவனும் அவன்தான். கடையில் நின்று தாளைப் பார்த்தவனுக்கு வந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

முடிவு அ: அப்படியே அனுப்புகிறான். ஃபேன் இழுக்கவில்லை. காசிராஜனின் கார்க் கதவு ஜெயச்சந்திரனுக்கு இனித் திறக்காது. பாண்டிச்செல்வி வழக்கம்போலக் கண் சிவந்து வீட்டுக்கு— (இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. அவனுக்கும் அனுப்பக் கை வரவில்லை.)

முடிவு ஆ: போன் போடுகிறான். “ஏலே, பாஸ்கலுக்கு மாத்த மறந்துட்டியே.” “நல்ல வேள, காப்பாத்துன அன்பு.” ஜெயச்சந்திரன் மனதார நன்றி சொல்வான். அந்த நன்றியை அன்பரசனால் தாங்க முடியாது.

அதனால் அவன் செய்தது இதுதான். கடைக்காரரிடம் பேனா வாங்கி, இருபத்தைந்துக்குப் பின்னால் ஒரு சுழியம் போட்டு அனுப்பினான். யாரிடமும் சொல்லவில்லை.

6

ஃபேன் வந்தது, ஓடியது. அன்று சாயங்காலம் பாண்டிச்செல்வி வாசலிலேயே நின்று கண்ணை விரித்துக் காட்டினாள்.

“பாருங்க, செவப்பே இல்ல. என்ன இருந்தாலும் அந்த அண்ணன் கைராசிக்காரவுக.”

அன்பரசன் வாயைத் திறந்தான்.

“என்ன, என்னமோ சொல்ல வந்தீக?”

கதை இங்கேயே நிற்கிறது. நானும் அடித்து அடித்து எழுதிப் பார்த்துவிட்டேன். அவன் வாயில் ஒரு வாக்கியத்துக்குத்தான் இடமிருக்கிறது. ஒன்று, அந்தச் சுழியத்தைப் போட்டது யாரென்பது. இன்னொன்று, இத்தனை வருடத்தில் அவளிடம் அவன் கேட்காத அந்தக் கேள்வி.

எதை வைப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். என்னிடம் விட்டால் சுழியத்தைத்தான் வைப்பேன்.