பின்வாசல் டெய்லர்

...அப்படியானால் அந்தச் சிரிப்பு எதற்கு, இல்லை என்று சொல்லப் போகிறவள் கையை நீட்டிக்கொண்டு அவ்வளவு சிரித்துப் பேசுவாளா, பேசுவாள், பேசினாளே, என்று பொருமிக்கொண்டே பாண்டிசெல்வி ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மடியில் மகாலட்சுமி அக்கா கொடுத்தனுப்பிய பால்கோவாப் பொட்டலம் இன்னும் சூடாக இருந்தது. முடியாது என்று சொல்லிவிட்டு இனிப்புக் கொடுக்கிற சாமர்த்தியம் கடை வைத்திருப்பவர்களுக்குத்தான் வரும். மார்பை எடுத்த பிறகு அக்காவின் அந்தப் பக்கத்துக் கையில் ஊறி நிற்கிற நீரை விரல் நுனியால் மெல்ல மெல்லத் தோளுக்கு மேலே ஓட்டிவிட்டு, பேண்டேஜ் துணியைச் சுற்றி முடித்த பிறகுதானே இவள் வாயைத் திறந்தாள், அக்கா, உங்க கடைக்கு மேல மாடி ரூம் சும்மாதான கெடக்கு, எனக்கு வாடகைக்குத் தருவியளா என்று... முதலிலேயே கேட்டிருக்க வேண்டுமோ? கேட்டிருந்தாலும் இதே பதில்தான். "ஏட்டி செல்வி, தப்பா நெனைக்காத. கீழ நாங்க பால்கோவா கிண்டுதோம், மேல நீ அந்தச் சீக்குக்காரவியளப் படுக்கப் போட்டா எவ வாங்கித் திம்பா, சொல்லு?" அந்தச் சீக்காம். அக்காவுக்கு வந்தது என்ன, ஜலதோஷமா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ, அவனைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பால்கோவாக் கடை வாசலில் நிறுத்த வேண்டும்.

பஸ் புறப்பட்டது, கோபுரம் பின்னால் போயிற்று, அமாவாசைக்குள் ராஜபாளையத்தில் வைத்தியம் பார்க்கிற மாடி ரூமைக் காலி செய்தாக வேண்டும். வீட்டுக்காரி ஆவுடையம்மாள் சண்டையெல்லாம் போடவில்லை, போட்டிருந்தால்கூடத் தேவலை. மருமவ மாசமா இருக்கா, மொட்டத் தலையும் கட்டுமா மாடியேறி வாரவியளப் பாத்தா அவளுக்குச் சோறு எறங்க மாட்டேங்குது என்று பதவிசாகச் சொன்னாள். ஒவ்வொருவரும் இறங்கிப் போன பிறகு படியில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பதைப் பாண்டிசெல்வி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாளே, அது போதாதா? மதுரை ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்காரர்களின் கைகால்களைப் பிடித்துப் பிடித்துக் கற்றுக்கொண்ட வேலை. ஊருக்கு வந்து செய்தால் மதுரைக்கு அலைய முடியாத பொம்பளைகளுக்கு உதவியாக இருக்கும் என்று நம்பி வந்த முட்டாள்தனம்... முதல் போர்டில் மசாஜ் என்று எழுதியது தப்பு. எழுதிய மறுநாளே ஆம்பிளைகள் போன் போட்டு இளித்தார்கள். அதை அழித்துவிட்டுப் புற்றுநோயாளிகளுக்கு என்று எழுதினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் முகத்தைத் திருப்பினார்கள். கடைசியில் கைவீக்க நிவாரணம் என்று மட்டும் நிற்கிறது, யாருக்கும் புரியாத போர்டு. தட்டுத்தடுமாறி வருகிறவர்களும் என்ன சொன்னார்கள், இதென்ன பூனை நக்குன மாதிரித் தடவுதிய, நல்லா அழுத்தித் தேய்ங்க என்றார்கள். அழுத்தினால் வீக்கம் கூடும் தாயி என்று சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டது. அந்த ரூமும் போனால் அவ்வளவுதான், மறுபடி மதுரைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான், இங்கே அத்தனை கைகளும் வீங்கிக் கிடக்கட்டும், எனக்கென்ன... எனக்கென்னவா?

மகாலட்சுமி அக்காவைச் சொல்லி என்ன, அந்த வீட்டுக்குள் பின்வாசல் வழியாகப் போகச் சம்மதித்தவள் யார்? அடுப்பில் பால் கிண்டுகிற ஆட்கள் கேட்டால் பிளவுஸ் தைக்க வந்த டெய்லர் என்று சொல்லச் சொன்னாள் அக்கா, இவள் சரி என்றாள். கையின் வீக்கம் வற்றுகிறதா என்று மணிக்கட்டிலும் முழங்கைக்கு மேலும் சுற்றி அளக்கிற டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டே வாயேன், யாரும் சந்தேகப்பட மாட்டாவ என்றாள், அதற்கும் இவள் சரி என்றாள். வாரத்துக்கு இரண்டு தடவை ஒருத்திக்கே அளவெடுக்கிற டெய்லரை எந்த ஊரில் கண்டது! இன்றைக்கும் கிளம்பும்போது, அவிய வார நேரமாச்சு, பின்பக்கமாப் போயிரு என்றாள். அவிய என்றால் புருஷன். அவருக்குத் தெரியாதா பெண்டாட்டிக்கு என்ன நோய் என்று? தெரியும். தெரிந்ததை யாரும் வாயால் சொல்லிவிடக் கூடாது, அதுதான் அந்த வீட்டின் வைத்தியம்.

மம்சாபுரம் போகிற பாதை பிரியும் இடத்தில் ஒரு அம்மா ஏறிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், முந்தானையை இழுத்து வலது தோளோடு போர்த்தியிருந்தாள், இந்த வெயிலில் எதற்கு இவ்வளவு போர்வை... "டெய்லராம்மா?" என்று கேட்டாள். பாண்டிசெல்விக்கு அப்போதுதான் கழுத்தில் டேப் கிடப்பது உறைத்தது. "ஆமாங்க." நாக்கு முந்திக்கொண்டது. "நல்லதாப் போச்சு. இந்தா, ஒத்தக் கை மட்டும் பத்த மாட்டேங்குது, செத்தப் பிரிச்சு விட முடியுமா?" முந்தானை லேசாக விலகியது. பிளவுஸ் கை தையல் விட்டுப் பிளந்திருந்தது, உள்ளே சதை உருண்டு பளபளத்தது, விரல்கூட உப்பியிருந்தது. "பூச்சி கடிச்சிருச்சு தாயி, வத்தவே மாட்டேங்குது," என்று அந்த அம்மா வெளியே ஓடுகிற தென்னைகளைப் பார்த்துச் சொன்னாள். எந்தப் பூச்சி என்று பாண்டிசெல்விக்குத் தெரியாதா? இந்தக் கைக்காகத்தானே ஊருக்கு வந்தாள், இந்தக் கைக்காகத்தானே ரூம் தேடி அலைகிறாள்... சொல்லிவிடு, நான் டெய்லர் இல்லை என்று சொல்லிவிடு. முன்சீட்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள், நோயின் பேரைச் சொன்னால் இந்த அம்மா முந்தானையை மூடிக்கொண்டு எழுந்து போய்விடுவாள், சொல்லாவிட்டால் கை இன்னும் பெருக்கும். அந்தப் பொய்யை மகாலட்சுமி அவள் வீட்டுக்குள்தான் சொல்லச் சொன்னாள், இங்கே யார் கேட்டார்கள், யாருக்காகச் சொன்னேன்?

டேப்பைக் கழுத்திலிருந்து உருவி அந்தக் கையில், முழங்கைக்கு மேலே, அழுத்தாமல் சுற்றினாள்.

"எம்புட்டுப் பிரிக்கணும்மா?" என்று கேட்டாள்.