கடைமடையின் முறை

அனார்குல் தோளில் மண்வெட்டியோடு மேட்டில் ஏறி வருவதைப் பார்த்ததும் பூருல் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மூன்று மாதமாக அக்கா இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. புருஷன் கட்டிய பனிக்குன்றின் தண்ணீரை வீட்டுக்குள் விடமாட்டேன் என்று, தினமும் கழுதையை ஓட்டிக்கொண்டு பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் பெரிய ஆற்றுக்கு இறங்கி, இரண்டு கேன் தண்ணீர் மொண்டு வருகிறாள் என்று ஊரில் சொன்னார்கள். இறங்க ஒரு மணி நேரம், ஏற இரண்டு மணி நேரம். இன்று அவளுடைய தோட்டத்துக்குத் தண்ணீர் முறை. வருவாளா மாட்டாளா என்று பூருல் விடிந்ததிலிருந்து பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மடைக்கு அருகே கோசுபெக் தன் தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய முறை பதினோரு மணிக்குத்தான். ஏழு மணிக்கே வந்துவிட்டார்.

"வீட்ல டீ போட்டுத் தரமாட்டாங்களாண்ணே?" என்று கேட்டிருந்தாள் பூருல்.

"தண்ணிய நம்பி வீட்ல ஒக்கார முடியுமா தங்கச்சி?" என்றார் அவர். "பொண்டாட்டிய நம்பலாம். தண்ணிய நம்ப முடியாது."

தண்ணீரை நம்பிய காலம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தாலே மலையின் தோளில் பனியாறு தெரியும். வெயில் ஏற ஏற வாய்க்காலும் ஏறும். பிறகு பனி வருடத்துக்கு வருடம் பின்வாங்கி, முகட்டுக்கு அந்தப் பக்கம் போய் மறைந்துகொண்டது. குளிர்காலப் பனியும் மெலிந்துபோனது. ஜூன் கடைசியில்தான் வாய்க்காலில் ஈரம் வந்தது. அதற்குள் ஆப்ரிகாட் மரங்கள் பூத்து, பிஞ்சு பிடித்து, பிஞ்சை உதிர்த்துவிட்டு நிற்கும். மே மாதத்தில் ஒரு தண்ணீர், ஒரே ஒரு தண்ணீர் கிடைத்தால் போதும் மரத்துக்கு. அது இல்லை.

அக்கா புருஷன் மைராம்பெக் ரஷ்யாவில் ஒன்பது வருடம் வெல்டிங் வேலை பார்த்துத் திரும்பியவர். வேறு ஏதோ பள்ளத்தாக்கில் பனிக்குன்று கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மலைச்சரிவின் ஊற்றிலிருந்து குழாய் இறக்கி, கீழே நட்டுவைத்த கம்பத்தின் உச்சியில் பீய்ச்சியடிக்க விட்டார். குளிரில் அந்தத் தண்ணீர் கொட்டிய இடத்திலேயே உறைந்து, ஜனவரிக்குள் பள்ளிவாசல் உயரத்துக்கு எழும்பி நின்றது. ஊரே போய் நின்று பார்த்தது. "மலை பெத்தது கிழடாயிடுச்சு, அதான் நான் ஒண்ணு பெத்துக் குடுத்தேன்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மே மாதம் அது உருகி, கீழே வெட்டிய குட்டையில் சேர வேண்டும். குட்டையிலிருந்து வாய்க்காலுக்கு. பங்கிடும் முராப் வேலை பூருலுக்கு. பழைய முராப் கஜகஸ்தானுக்குப் போய்விட்டபின் ஊர்க்கூட்டத்தில் யாரும் வாய் திறக்காததால் அவள் தலையில் விழுந்த வேலை அது.

பிப்ரவரியில் ஒரு காலை குழாய் அடைத்துக்கொண்டது. பூருல்தான் போன் செய்தாள். "அத்தான், மேல தண்ணி வரலே. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர் சுத்தியலோடு வந்து, குன்றின் இடுப்பில் ஏறி நின்று குழாயைத் தட்டினார். மேலே ஒரு பாளம் பெயர்ந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. கீழே நின்றவள் நிமிர்ந்து பார்த்தபோது அவர் நின்ற இடத்தில் அவர் இல்லை.

துக்கவீட்டுக் கூடாரத்துக்குள் அனார்குல் வழக்கப்படி துணிச்சுவரைப் பார்த்து உட்கார்ந்து மூன்று நாள் ஒப்பாரி வைத்தாள். வெல்டிங் தீப்பொறியில் பொத்தல் விழுந்த சட்டைகளைப் பாடினாள். ரஷ்யாவிலிருந்து அவர் வாங்கி வந்த, அளவு சேராத செருப்பைப் பாடினாள். பூருல் வெளியே அடுப்புக்குப் பக்கத்தில் மாவு பிசைந்துகொண்டே ஒவ்வொரு வரியையும் கேட்டாள். இப்போது என் பெயர் வரும், இப்போது வரும் என்று காத்திருந்தாள். வரவே இல்லை. வந்திருந்தால் தேவலை என்று பிறகு பல நாள் தோன்றியது.

குன்றை அப்படியே விட்டுவிடலாம் என்றார்கள் ஊரில். பூருல் விடவில்லை. மார்ச் கடைசிவரை தினமும் தனியாகப் போய்க் குழாயைத் தட்டிச் சூடுகாட்டி ஓடவைத்தாள்.

மே பிறந்ததும் சீட்டுக் குலுக்கினார்கள். வீட்டுக்கு நாலு மணி நேரம். அக்காவுக்குப் பதினேழாவது முறை, கோசுபெக்குக்குப் பதினெட்டாவது. அந்த வாரம் வெயில் நெருப்பாகக் கொட்டியது. குன்று எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் கரைந்து, இப்போது ஒரு வைக்கோல்போர் அளவுக்கு, அழுக்கேறிக் கிடந்தது. குட்டையில் இருந்தது இரண்டு முறைக்கான தண்ணீர். அதற்குப் பின்னால் இருந்த எட்டு வீட்டுக்கும் ஒன்றுமில்லை.

அனார்குல் இன்னும் மேடேறிக்கொண்டிருந்தாள். கோசுபெக் எழுந்து பூருலின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காதே. இந்தத் தண்ணி கடைமடையில இருக்கற உங்கக்கா தோட்டத்துக்குப் போய்ச் சேராது. மூணு கிலோமீட்டர் வாய்க்கால், பூரா வெடிச்சுக் கெடக்கு. மண்ணுதான் குடிக்கும். எனக்கு விட்டா முப்பது மரமாவது பொழைக்கும். மைராம்பெக் இருந்திருந்தா அவனே சொல்லியிருப்பான்."

அவர் சொல்வது உண்மை என்று பூருலுக்குத் தெரியும். மனசுக்குள் அவள் அந்தக் கணக்கை எத்தனையோ முறை போட்டுப் பார்த்திருந்தாள்.

"சீட்டுன்னா சீட்டுதாண்ணே."

"அக்காங்கறதால சொல்றே."

"அக்காங்கறதாலதான் நாலே மணி நேரம் குடுக்கறேன். இல்லேன்னா இந்தக் குட்டை மொத்தமும் அவளுக்குத்தான் சேரணும்."

கோசுபெக் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

அனார்குல் வந்து நின்றாள். குன்று இருந்த பக்கம் திரும்பவே இல்லை. கன்னம் ஒட்டி, தலையில் கட்டியிருந்த கருப்புத் துணிக்குக் கீழே முகம் பாதியாகியிருந்தது.

"திற," என்றாள்.

பூருல் மடைப்பலகையைத் தூக்கினாள். தண்ணீர் பழுப்பாக, குப்பையும் நுரையும் தள்ளிக்கொண்டு வாய்க்காலில் இறங்கியது.

இருவரும் தண்ணீரின் தலைக்கு முன்னால் நடந்தார்கள். மேல்பகுதியில் சிமெண்டுப் பலகைகள் இருந்ததால் வேகமாக வந்தது. பலகைகள் பிளந்த இடங்களில் புல்கட்டியும் சாக்கும் வைத்து அடைத்தார்கள். அக்கா கையை நீட்டினால் என்ன வேண்டும் என்று பூருலுக்குத் தெரிந்தது. மண் கட்டியா, கல்லா, பிளாஸ்டிக் தாளா என்று கேட்காமலே எடுத்துக் கொடுத்தாள். வெறும் மண் வாய்க்கால் தொடங்கியதும் தண்ணீர் தயங்கியது. ஒவ்வொரு வெடிப்பிலும் நின்று, உள்ளே இறங்கி, அதை நிரப்பிவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தது. குழந்தையை நடக்கப் பழக்குகிறவர்கள்போல் இருவரும் குனிந்து, பின்பக்கமாக நடந்துகொண்டே அதைப் பார்த்தார்கள்.

கல்லறைத் திருப்பத்தில் தண்ணீர் ஒரு எலிவளைக்குள் போய்விட்டது. அனார்குல் முழங்கையளவு சேற்றை அள்ளி அடைத்துவிட்டு அப்படியே மண்டியிட்டு இருந்தாள்.

"அன்னைக்கு அவர் பூட்ஸ் மாட்டும்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா?"

பூருல் அவளருகில் குனிந்தாள். "என்னக்கா?"

"உங்க மச்சினி ஒரு போன் போட்டா போதும், டீயக்கூடக் குடிக்காம ஓடுவீங்களேன்னேன். திட்டித்தான் அனுப்பினேன். நான் திரும்பிக்கூடப் பாக்கலே. அவர் சிரிச்சுக்கிட்டே போனார்."

"அக்கா..."

"மூணு மாசமா உன்னைத்தான் மனசுல திட்டிக்கிட்டிருக்கேன். ஆனா காதுல கேக்கறது நான் பேசினதுதான்." சேற்றுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "உன்மேல கோவம் இல்லைன்னு சொல்லத்தான் இன்னைக்கு வந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். வாயில வரமாட்டேங்குது பூருல்."

"வரும்போது சொல்லு," என்றாள் பூருல். தண்ணீர் எலிவளையைத் தாண்டி நகர்ந்துவிட்டிருந்தது. இருவரும் அதன் பின்னால் போனார்கள்.

தோட்டம் கண்ணுக்குத் தெரிந்தபோது மணி பதினொன்றுக்குப் பத்து நிமிடம். நாற்பது மரங்கள். இலைகள் ஓரம் சுருண்டு, பிஞ்சுகள் கடுகளவிலேயே சுருங்கி நின்றன. தண்ணீர் இப்போது ஒரு கையகலத்துக்கு மெலிந்து, நுரையைச் சுமக்கக்கூடத் தெம்பில்லாமல் வந்தது. முதல் மரத்துக்கு ஐம்பது அடி இருக்கும். அனார்குல் முன்னால் ஓடி, வாய்க்காலில் இருந்த சருகையும் கல்லையும் வெறும் கையால் வாரிப்போட்டாள். பூருல் மண்வெட்டியால் தரையைச் சரித்துக் கொடுத்தாள். நாற்பது அடி. தண்ணீர் ஒரு வெடிப்பில் இறங்கியது. வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்து, இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

போன் அடித்தது. கோசுபெக்.

"தங்கச்சி, பதினொண்ணு ஆச்சு." கொஞ்சம் பொறுத்து, "வந்து சேந்துச்சா?" என்று கேட்டார்.

பூருல் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். இன்னும் ஒரு மணி நேரம் விட்டால் முதல் வரிசை மரங்கள் நனையும். ஆறு மரம். இல்லை, நாலு. அந்த ஒரு மணி நேரத்தில் மேலே கோசுபெக்கின் தோட்டத்தில் எட்டு மரம் நனையும். கேட்டால் அவர் மறுக்கமாட்டார் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. அதுதான் தாங்கமுடியவில்லை.

"யாரு, கோசுபெக்கா?" என்றாள் அனார்குல். முதல் மரத்தின் அடியில், வாய்க்கால் வந்து சேரும் இடத்தில் குந்தியிருந்தாள்.

"ஆமாக்கா."

"அடைக்கச் சொல்லு."

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டா..."

"அடைக்கச் சொல்லு பூருல். அங்க போனா மரமாவது குடிக்கும்." பிறகு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "அவர் பெத்த தண்ணி," என்றாள்.

பூருல் போனில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அந்தப் பக்கம் கோசுபெக் போனை வைத்துவிட்டார். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பலகை இறங்கியிருக்கும். இங்கே எதுவும் கேட்கவில்லை.

வாய்க்காலில் மிச்சம் இருந்தது இன்னும் வந்துகொண்டிருந்தது. மடை அடைத்தது அதற்குத் தெரியாது. ஒரு சருகை எடுத்துச் சுழற்றி, கீழே வைத்துவிட்டு, ஒரு விரற்கடை முன்னால் வந்தது. எங்கிருந்தோ ஒரு வாலாட்டிக் குருவி இறங்கி, ஈரத்தின் விளிம்பில் இரண்டுமுறை அலகை நனைத்துக்கொண்டது. அனார்குல் அந்தப் பக்கமும் பூருல் இந்தப் பக்கமுமாகக் குந்தி, அசையாமல், தண்ணீர் அடுத்த வெடிப்பின் வாய்க்கு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.