கணக்கில் சேராத இணைப்பு

இத்தாலிக்கு எதிர்க்கரையில், ஸ்பாக்ஸ் துறைமுகத்தை ஒட்டிய பத்திரிகை அலுவலகத்தில் இணையதளத்தைக் கவனித்துவந்தவள் தொர்சாஃப். அவள் சித்தி என்று கூப்பிடும் மொன்ஜியாவின் மகன் இத்தாலிக்குப் படகேறியவன், போய்ச் சேரவுமில்லை, திரும்பவுமில்லை. அதற்குப் பிறகு மொன்ஜியா தனியாக ஒரு தளம் தொடங்கினாள். கரை ஒதுங்கிய உடல்களின் சட்டை, பச்சை குத்திய கை, கழுத்துச் சங்கிலி என்று படம் போட்டு வைப்பாள். அதைப் பார்த்துப் பிள்ளையை அடையாளம் கண்டவர்கள் உண்டு. படகு கவிழ்ந்த ஒவ்வொரு செய்தியின் அடியிலும் பத்திரிகை அந்தத் தளத்துக்கு இணைப்புக் கொடுத்தது. பெரிய பத்திரிகையே கைகாட்டுகிறது என்று தேடுபொறியும் அதை முதலில் காட்டிவந்தது.

இதற்கிடையில் விளம்பரப் பிரிவு காசு வாங்கிக்கொண்டு வேறு தளங்களுக்கு இணைப்புகளை விற்று, தேடுபொறியின் விதியை மீறி மாட்டிக்கொண்டது. தேடுபொறியிடமிருந்து எச்சரிக்கை வந்ததும் ஆசிரியர் லஸ்ஆத் தொர்சாஃபைக் கூப்பிட்டார்.

"வெளியில போற எல்லா லிங்க்லயும் 'நோஃபாலோ' போட்டுடும்மா. ஒண்ணு விடாத."

"வித்ததுக்கு மட்டும் போட்டா போதும் சார். மத்ததுக்கு எதுக்கு?"

"எது எதுன்னு உக்காந்து பொறுக்க யாரு இருக்கா? போடு."

போட்டாள். படிப்பவர் கண்ணுக்கு எந்த மாற்றமும் தெரியாது, அழுத்தினால் திறக்கும். தேடுபொறியிடம் மட்டும் அந்தக் குறி சொல்லும்: இதற்கு நாங்கள் பொறுப்பில்லை, கணக்கில் எடுக்காதே.

மழைக்காலம் தொடங்கியபோது மொன்ஜியா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள்.

"புள்ளையத் தேடுறவங்க ஃபோனே வர்றதில்லடி. கடல்ல சாவு நின்னுடுச்சான்னா, அதுவும் இல்ல."

தொர்சாஃப் தேடிப் பார்த்தாள். மொன்ஜியாவின் தளம் மூன்றாம் பக்கத்துக்குப் போயிருந்தது. முதலில் நின்றது முன்பின் தெரியாத ஒன்று. 'இத்தாலிச் சிறையில் இருக்கும் உங்கள் மகனைக் கண்டுபிடித்துத் தருகிறோம்' என்றது. எங்கெங்கோ விலைக்கு வாங்கிய, குறி போடாத இணைப்புகள் அதைத் தூக்கிவிட்டிருந்தன.

"சித்தி, உங்க லிங்க்ல நான்தான் குறி போட்டேன்."

"என்னன்னு?"

"உங்களுக்கு நாங்க சாட்சி இல்லன்னு."

மொன்ஜியா திரையில் முதலில் நின்ற தளத்தை விரலால் காட்டினாள்.

"கஸ்ரீன் ஊர்லேருந்து ஒரு அம்மா வந்தா. புள்ள ஜெயில்ல இருக்கான்னு இவனுங்க சொன்னத நம்பி உக்காந்திருந்தவ. அவன் சட்டை எங்கிட்டதான் படமா இருந்துச்சு. அதுக்குள்ள பேரில்லாமப் பொதைச்சுட்டாங்க."

அவள் எதிரிலேயே தொர்சாஃப் குறியை எடுத்தாள். பிறகு லஸ்ஆதிடம் போய்ச் சொன்னாள். அவர் திட்டவுமில்லை, திரும்பப் போடச் சொல்லவுமில்லை. மொன்ஜியாவின் தளம் மெல்ல முதல் பக்கத்துக்கு ஏறியது. ஆனால் அந்த ஏமாற்றுக்காரர்களுக்குக் கீழேதான் நின்றது.

கஸ்ரீன்காரியைப் பேரில்லாதவர்களைப் புதைத்த இடுகாட்டுக்கு இருவரும் அழைத்துப்போனார்கள். அவள் மகனுடையது எந்த மேடு என்று காவல்காரனுக்குச் சொல்லத் தெரியவில்லை. மழையில் மண் ஒன்றோடொன்று கலந்து கிடந்தது. அந்த அம்மா நடுவில் ஓரிடத்தில் உட்கார்ந்து, கையேந்தி, அங்கே கிடந்த எல்லோருக்குமாகச் சேர்த்துப் பிரார்த்தனை ஓதத் தொடங்கினாள்.