பிடியரிசிக்கு வைத்த மருந்து

வண்டு என்ற பேச்சை எடுத்தாலே அந்த வருஷம் ஜெபகனிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? பட்ட பாடெல்லாம் அவள் பாடு, தின்றதெல்லாம் வண்டு.

குழித்துறைக்கு மேற்கே, பனையும் மரச்சீனிக் கிழங்குமாகக் கிடந்த ஒரு சிற்றூர்ச் சபையில் பிடியரிசிக்குப் பொறுப்பு அவள்தான். வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வரும்போது அதைக் கொண்டுவந்து ஜெபகனியிடம் கொடுப்பார்கள். ஆலயத்துக்குப் பின்னறையில் பத்தாயம் ஒன்று இருந்தது, ஆள் உயரத்துக்கு மரப்பெட்டி. அரிசியைச் சாக்கில் கட்டி அதற்குள் வைத்துப் பூட்டுவது அவள் வேலை.

முன்பெல்லாம் அந்த அரிசியை மாதாமாதம் ஏலம் போட்டுவிடுவார்கள். "ஏலம் வேண்டாம், ஐப்பசிக்குச் சேர்த்து வைப்போம்" என்று அடம்பிடித்தவள் ஜெபகனி. ஐப்பசி மழையில் பனை ஏறமுடியாது. பனையேறி வீடுகளில் அடுப்பு புகையாது. பிள்ளைகள் சபைப் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கிழங்கு தோண்டப் போய்விடும், போனது திரும்பி வருவதும் இல்லை. மத்தியானம் ஒருவேளைக் கஞ்சி ஊற்றினால் வரும் என்றாள். உபதேசியார் ஜான்ரோஸ் தலையைச் சொறிந்துகொண்டே சம்மதித்தார்.

முதல் வருஷம் ஐப்பசி பிறக்கும் முன்பே வண்டு பாதி அரிசியை மாவாக்கிவிட்டது. நாலு நாள் கஞ்சி ஊற்றினாள். கஞ்சி தீர்ந்த அன்றோடு பிள்ளைகளும் தீர்ந்தார்கள். வெறும் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றவள், அன்றைக்குத்தான் இந்தச் சனியனுக்கு ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று தீர்மானித்தாள்.

வத்தல்மிளகாய் போட்டுப் பார்த்தாள். அரிசி களைந்தவர்களெல்லாம் தும்மித் தும்மிச் செத்தார்கள். வேப்பிலை போட்டாள், இலை நொறுங்கி அரிசியோடு கலந்து கஞ்சி கசந்தது. புன்னைக்காய் எண்ணெயைச் சாக்கில் தடவினாள். அந்த நாற்றத்துக்கு வண்டு போனதோ இல்லையோ, மனுஷர் போய்விட்டார்கள். கடைசியில் வசம்பை இடித்து நொச்சி இலையோடு போட்டு வற்றக் காய்ச்சி, அந்தத் தண்ணீரில் சாக்கை முக்கி நிழலில் உலர்த்தினாள். பத்தாயத்தின் உள்பலகையிலும் அதையே பூசினாள். அரிசியில் மருந்து படவில்லை, வண்டும் கிட்டே வரவில்லை. அந்த இரண்டாம் வருஷம் மழை ஓயும்வரை கஞ்சி ஓடியது. வட்டாரச் சபைகளைக் கவனித்துவந்த மிஷன் பங்களா அம்மா வில்வண்டியில் வந்து சாக்கை முகர்ந்து பார்த்துவிட்டு, "வட்டார மாதர் கூட்டத்தில் நீ இதை எல்லாருக்கும் சொல்லவேண்டும்" என்றார். ஜெபகனிக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

அடுத்த வருஷம், அதே வசம்பு, அதே நொச்சி, அதே கை. ஆனி முடியும் முன்பே பத்தாயத்தில் வண்டு ஊர்ந்தது.

வசம்பைக் கூட்டினாள். ஊர்ந்தது. பலகைக்கு இரண்டாம் பூச்சு பூசினாள். ஊர்ந்தது. அரிசியை முற்றத்தில் கொட்டிப் புடைத்து, வெயிலில் காயவைத்து, புதுச்சாக்கில் கட்டினாள். ஞாயிறு கழிந்து பார்த்தால், இந்தா வந்துவிட்டோம் என்று சாக்கின் வாயிலேயே நின்றன. என்ன தப்புப் பண்ணினோம் என்று யோசித்து யோசித்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஐப்பசி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஆவணியில் ஒருநாள் பழைய சாக்கு கேட்டு லீலாபாய் வீட்டுக்குப் போனாள். லீலாபாய், ரசலையனின் மனைவி. வயலும் நெல்லறையும் உள்ள வீடு. அடுக்களையில் சுளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புடைத்த நல்ல அரிசி பானைக்குப் போயிற்று. வண்டும் நொய்யும் ஒதுங்கியதை வழித்துப் பிடியரிசிக் கலயத்தில் போட்டாள்.

"அக்கா, அது ஆருக்கு?"

"பிடியரிசிக்குத்தான்."

"வண்டு ஊருகே."

"ஊரட்டும். ஒனக்க பத்தாயத்துல போய் விழுந்தா செத்துப் போவுமே. நல்லதுக்கு எதுக்கு பிள்ளே மருந்து? கெட்டதைத் தந்தாத்தானே ஒனக்க மருந்துக்கும் ஒரு வேலை இருக்கும்."

கிண்டலில்லை. முகத்தில் துளி கள்ளமில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

"அக்கா, அது கொல்லுக மருந்து இல்ல. கிட்ட வராம தடுக்க மருந்து. அரிசியோட ஏறி வந்ததை அது ஒண்ணும் செய்யாது. அரிசிக்குள்ள முட்டை வச்சாச்சுன்னா வசம்பு என்ன செய்யும்?"

"பொறவு அது என்னட்டி மருந்து?" என்றாள் லீலாபாய், சாக்கை எடுத்து நீட்டிக்கொண்டே.

அடுத்த ஞாயிறு ஜெபகனி சுளகோடு ஆலயவாசலில் நின்றாள். வந்த கலயத்தையெல்லாம் கொட்டிப் பார்த்தாள். அடப் பாவிகளா, லீலாபாய் மட்டுமில்லை, ஊரே அப்படித்தான். அடிச்சாக்கு அரிசி, தூசு, கட்டி, வண்டு. ஆண்டவருக்கு என்று ஒதுக்கினார்களே, ஒதுக்கித்தான் இருந்தார்கள். போன வருஷம் மருந்து பலித்த செய்தி வீடுவீடாகப் போய்ச் செய்த வேலை அது. பனையேறி மத்தியாஸின் பெண்சாதி பாக்கியம் கொண்டுவந்த ஒரு பிடி மட்டும் பளிச்சென்று இருந்தது.

"ஒனக்க அரிசியில மட்டும் எப்படி பிள்ளே வண்டு இல்ல?"

"நாங்க அன்னன்னைக்குக் கடையில வாங்குகோம் அக்கா. வச்சுத் திங்க இருந்தாத்தானே வண்டு வரும்" என்றாள் பாக்கியம். அவள் பிள்ளைகள் இரண்டும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தன. ஜெபகனி அந்தப் பிடியைத் தனியாக எடுத்து வைத்தாள்.

அதற்குள் உபதேசியார் வந்துவிட்டார். "காணிக்கையைச் சுளகுல போட்டுப் பாக்கப்பிடாது ஜெபகனி. குடுக்கவன் மனசை ஆண்டவர் பாத்துக்கிடுவாரு."

"மனசை ஆண்டவர் பாக்கட்டும் ஐயா. அரிசியை நான் பாக்கண்டாமா?"

"ஒனக்குத்தான் மருந்து இருக்கே. பொறவு எதுக்கு இந்த வாக்குவாதம்?" என்று சொல்லிவிட்டு அவர் சுளகை வாங்கிச் சுவரில் சாத்தினார்.

எல்லாரிடமும் அதே பதில்தான். தடுக்கிற மருந்து, கொல்லாது என்று மாதர் சங்கத்தில் சொன்னாள், கிணற்றடியில் சொன்னாள். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள், ஞாயிற்றுக்கிழமை வண்டைக் கொண்டுவந்தார்கள். மருந்து என்ற ஒன்று இருக்கிறவரை இவர்கள் நல்ல அரிசி தரப்போவதில்லை. அது புரிந்த அன்று ஜெபகனி அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். சங்கடத்தில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது.

புரட்டாசி முதல் ஞாயிறு, சாட்சி சொல்லுகிற நேரத்தில் எழுந்து நின்றாள்.

"எனக்க மருந்து பலிக்கல்ல. போன வருஷம் வண்டு வராம இருந்தது சும்மா நடந்தது. பத்தாயத்துல உள்ளதை எல்லாம் கோழிக்குப் போட்டாச்சு. இனி நான் மருந்து வைக்கப்போறது இல்ல."

கோழிக்குப் போட்டது மட்டும் நிஜம், மற்றதெல்லாம் பொய். ஆலயத்துக்குள், முட்டுப்போட்டு எழுந்த இடத்திலேயே பொய் சொன்னாள். நாக்கு கூசியது. ஆனாலும் சொன்னாள்.

பெண்கள் பக்கத்தில் சலசலப்பு எழுந்தது. "நான் அப்பவே நெனச்சேன்" என்று லீலாபாய் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. அந்த வாரமே மாதர் சங்கத்தில் லீலாபாய் எழுந்து, ஆண்டவருக்கு வண்டரிசி போடுவது பாவம், இனி யாரும் போடக்கூடாது என்று பேசினாள். பேசிய வாய்க்குக் கூச்சமில்லை, கேட்ட காதுக்குத்தான் கூசியது. ஆனால் அடுத்த ஞாயிறு வந்த அரிசி முத்துமுத்தாக இருந்தது. மருந்து இல்லை என்று ஆனபிறகு, கெட்டதைக் கொண்டுவந்து கொட்ட யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

ஜெபகனி தன் வீட்டுக் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு வசம்பு காய்ச்சினாள். மணம் என்ன என்று கேட்டவர்களிடம் மாட்டு உண்ணிக்கு என்றாள். பத்தாயத்துச் சாக்குகளையெல்லாம் ஒவ்வொன்றாக அதில் முக்கி உலர்த்தி மாற்றினாள்.

ஐப்பசி பிறந்தது, மழை பிடித்தது. பனையேறிப் பிள்ளைகள் ஓலையில் மடித்த பட்டையை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றன. பாக்கியத்தின் பிள்ளைகள் முன்னால் நின்றன. வண்டு ஒன்றுகூட இல்லாத அரிசி, பொங்கிப் பொங்கி வந்தது கஞ்சி.

மிஷன் பங்களா அம்மா அன்றைக்கென்று பார்த்து வந்தார். "மருந்து பலிக்கவில்லை என்றார்களே, அரிசி எப்படிக் கெடாமல் நின்றது?" என்று கேட்டார்.

லீலாபாய் முந்திக்கொண்டாள். "மருந்து ஒண்ணும் வேண்டாம்மா. சுத்தமாக் குடுத்தா ஆண்டவர் காப்பாரு. நாங்க எல்லாருமாச் சேந்து தீர்மானம் எடுத்தோம்."

அம்மாவுக்கு மனம் நிறைந்துவிட்டது. அப்படியானால் மாதர் கூட்டத்தில் நீயே வந்து பேசு என்றார் லீலாபாயிடம்.

அடுப்படியில் அகப்பையோடு நின்ற ஜெபகனிக்குக் காது கொதித்தது. அந்தச் சாக்கை இப்போது முகர்ந்து பாருங்கள் என்று சொல்ல ஒரு நொடி போதும். வாய் திறந்தேவிட்டது. ஆனால் மழை இன்னும் ஒரு மாதம் கிடக்கிறது. அவள் இன்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை வண்டு வந்துவிடும்.

"ஏட்டி ஜெபகனி, கூட்டத்துக்கு நீயும் வா" என்றாள் லீலாபாய், தாராளமாக. "ஒனக்க மருந்து பலிக்காமப் போன விசயத்தை நீயே எந்திச்சுச் சொல்லு. அப்பதான் நான் பேசுகது அவியளுக்கு வெளங்கும்."

பாக்கியத்தின் மகள் காலிப் பட்டையை மறுபடி நீட்டினாள். ஜெபகனி அகப்பையை அடிவரை விட்டுக் கோரி, நிறைய ஊற்றினாள்.

"வாறேன் அக்கா" என்றாள்.