ஆறு பாட்டுக்காரர்

"ஆறுன்னு போடுங்க சார். ஆறு வெற்றிப் பாடல்கள்" என்று மகள் பத்திரிகை ஆபீசுக்குப் போனில் சொல்லி முடிப்பதற்குள், சவப்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த டிரம்மர் நாற்காலி கிறீச்சிட எழுந்துவிட்டார்.

"எது ஆறு? ஒன்னு. அதுவும் ஓடாத ஒன்னு."

செத்தவர் முன்னால் இப்படியா பேசுவது என்று கூடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். துக்க வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

விஷயம் இதுதான். கோட்டு போட்டுப் பெட்டிக்குள் படுத்திருந்தவர் ஒரு காலத்தில் மூன்று பேர் பேண்டில் பாடியவர். பேண்டின் ஐந்து பாட்டுகள் கல்யாண வீட்டிலிருந்து பல் டாக்டரின் காத்திருப்பு அறை வரைக்கும் ஓடின. பிறகு இவருக்குத் தலைக்கனம் ஏறியது. தனியாக ஒரு கேசட் போட்டார். அதில் கேட்கிற மாதிரி இருந்தது ஒரே பாட்டு. அட்டையில் மட்டும் 'ஐந்து வெற்றிப் பாடல்களின் நாயகன்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். பேண்டின் மற்ற இரண்டு பேர் பேச்சே இல்லை.

அந்த அட்டையைப் பார்த்த நாளோடு டிரம்மர் இந்த வீட்டு வாசலை மிதிப்பதை விட்டுவிட்டார். இருபத்திரண்டு வருஷம். இத்தனைக்கும் இரண்டு தெரு தள்ளித்தான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். கற்றுக்கொள்ள வருகிறவர்களை இந்தத் தெருவுக்குள் மட்டும் திருப்ப விடமாட்டார். பாவம், அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் ஊரைச் சுற்றித்தான் ஓட்டுவார்கள்.

மகளுக்கு வேறு வழியில்லை. ஆஸ்பத்திரியில் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பேப்பர்ல போட்டா ஆறுன்னு போடும்மா. குறைச்சிடாதே" என்றார். சரிப்பா என்றாள். அதற்குப் பிறகு அவர் முழுசாக ஒரு வாக்கியம் பேசவில்லை.

"பாடினது அப்பாதானே மாமா? வாய் அவரோடதுதானே?"

"வாய் அவனோடதுதான். அதை எப்போ திறக்கணும்னு சொன்னது என் குச்சி."

"டியூன் போட்டது நான். அது யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்று மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பழைய கிடார்காரர் எழுந்தார்.

"நீ உக்காருடா."

உட்கார்ந்தார். பேண்டிலும் இப்படித்தான் காலம் தள்ளியிருப்பார் போலிருக்கிறது.

அம்மா அதுவரை வாயைத் திறக்கவில்லை. "முப்பது வருஷமா குளியலறையில பாடினாரே, ஒத்தை ஆளா நான்தான் கேட்டேன். அதை எந்தக் கணக்குல சேர்ப்பீங்க?" என்றாள்.  

போனில் பத்திரிகை ஆபீஸ்காரர் இருமினார். "மேடம், பன்னெண்டு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போயிடும். ஆறா, ஒன்னா?"

"பத்து நிமிஷத்துல நீங்களே கூப்பிடுங்க சார்."

"ஆறுன்னு போட்டா நான் பெட்டியைத் தொடமாட்டேன்" என்றார் டிரம்மர். வெறும் மிரட்டல் இல்லை. தூக்க இருந்ததே நாலு பேர். மகள், மருமகன், கிடார்காரர், அவர்.

"அந்தத் தனிப் பாட்டைக் கேட்டாவது இருக்கீங்களா மாமா?"

"அந்தக் கேசட்டா? என் காதுல விழுந்ததே கிடையாது."

மகள் நேராக அலமாரிக்குப் போனாள். கேசட்டைப் பழைய டேப்பில் செருகி, ஜன்னலில் வைத்துத் தட்டிவிட்டாள். அப்பா குரல் வெளியே வந்தது.

"அண்ணே, முதல்ல தூக்குங்க. வண்டி நிக்குது. சண்டையை வழியில போட்டுக்கலாம்" என்றாள் அம்மா. அவள் சொன்னால் தட்ட முடியாது. தூக்கினார்கள். டிரம்மர் முன்பக்கம், இடது தோளில்.

இந்தப் பாட்டில் ஒரு கோளாறு உண்டு. பேண்டில் இருந்தவரைக்கும் பல்லவி முடிந்ததும் பாடகர் நாலு எண்ணிக்கை நிறுத்துவார். டிரம்மர் டிரம்ஸை உருட்டி அடிப்பதற்கான இடம் அது. தனியாகப் பாடும்போதும் அதே பழக்கம். டிரம்ஸுக்கு வைத்திருந்த மெஷினைக்கூட அங்கே நிறுத்தச் சொல்லிவிட்டார். அப்போது உருட்டப்போவது யார் என்று ஸ்டூடியோவில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நாலு எண்ணிக்கையும் ஊமையாகப் பதிவானது. வாங்கியவர்கள் கேசட் பழுது என்று கடையில் திருப்பிக் கொடுத்தார்கள்.

வாசல்படி இறங்கும்போது பல்லவி முடிந்தது. பாட்டு நின்றது. தெருவில் நின்றவர்கள் கரண்ட் போய்விட்டது என்றே நினைத்தார்கள். மகளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இன்றைக்குமா இது.

பெட்டியின் முன்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. மரத்தின் மேல் ஐந்து விரல்கள். நாலு எண்ணிக்கை நிறைய உருட்டி, கடைசியில் விரல் முட்டியால் ஒரு தட்டு. அந்தத் தட்டு ஓய்ந்த அதே நொடியில் சரணம் தொடங்கியது. இம்மியும் பிசகவில்லை.

கிடார்காரர் பின்னாலிருந்து, "காதுலயே விழலையாம்" என்று முனகினார்.

"ஒழுங்கா படியைப் பாத்து நட."

பெட்டி வண்டியில் ஏறியதும் போன் அடித்தது. "மேடம், ஆறா, ஒன்னா?"

மகள் டிரம்மரைப் பார்த்தாள். அவர் பெட்டி மேல் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தனியா ஒன்னுகூட கிடையாது. அந்த ஆறாவதும் பேண்ட் பாட்டுதான்" என்றார்.

"ஆறு சார்" என்றாள் மகள். "பேண்டோட பேரையும் சேர்த்துப் போடுங்க."

பிறகு ஜன்னலில் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த டேப்பை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். டிரம்மர் டிரைவர் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"கியரை மாத்தாம மெதுவா உருட்டுப்பா. ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடியும் ஒரு இடம் இருக்கு."

டிரைவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டினார். டிரம்மர் சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டார்.